கிளப்பை விட்டுப் போகும் தோழிக்குக் கையெழுத்துப் போட்ட படம்: எந்தப் படம், யார் யார் கையெழுத்து?

பாலாறு_ஃபாயில்:
எல்லோருக்கும் வணக்கம். வேலூரில் சாயங்காலம் ஃபென்சிங் (வாள்வீச்சு) பயிற்சிக்கு வரும் கூட்டத்தில் நானும் ஒருத்தி. ஃபாயில், எப்பே, சேபர் என்ற மூன்று வாள் வகைகளில் நான் ஃபாயில் பிரிவு. எங்களோடு ஆடிய தோழி ஒருத்தி படிப்பு முடிந்து இந்த மாதக் கடைசியில் கண்ணூருக்குத் திரும்புகிறாள். தலச்சேரிப் பக்கம் பள்ளியில் படிக்கும்போதே வாள் பிடித்தவள். இங்கே படிக்க வந்த இடத்தில் எங்களைத் தேடிக் கண்டுபிடித்துச் சேர்ந்துகொண்டாள்.

வேலூரில் இருக்கிறவர்களுக்கு இது பழகிய விஷயம். மருத்துவம், நர்சிங், இன்ஜினியரிங் என்று வெளியூர்ப் பிள்ளைகள் வருவார்கள், நம்மோடு கலந்து பழகுவார்கள், ஒருநாள் காட்பாடியில் ரயில் ஏறிவிடுவார்கள். அதற்காகச் சும்மா கையசைத்து அனுப்பிவிட மனசு வரவில்லை. எல்லோரும் கையெழுத்துப் போட்ட ஒரு படம் கொடுக்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். கோப்பையோ ஷீல்டோ வேண்டாம் என்பதில் எல்லோரும் ஒன்றாக இருக்கிறோம். எந்தப் படம், எங்கே கையெழுத்துப் போடுவது, எந்தப் பேனா, இதில்தான் குழப்பம்.

ஒரு விவரம் சொல்லிவிடுகிறேன், அவள் இடதுகைக்காரி. எங்கள் கூட்டத்தில் வேறு இடதுகைக்காரர் யாரும் இல்லை. போட்டிக்குப் போனால் எதிரே இடதுகை வந்து நிற்கும்போது நாங்கள் பதறாமல் ஆடுகிறோம் என்றால் அதற்கு அவள்தான் காரணம். இரண்டு பேர் வாளும் ஒரே பக்கம் வந்துவிடும், நம் விலாப்புறம் திறந்து கிடக்கும். அதை அடைக்கச் சொல்லிக்கொடுத்ததே அவளிடம் வாங்கிய அடிகள்தான்.

ஆம்பூர்_வாள்:
நல்ல யோசனை அக்கா. என்னைக் கேட்டால் ஆட்டத்தின் நடுவில் எடுத்த படம்தான். முன்காலை எட்டி வைத்து லஞ்ச் (lunge) போட்டுப் பாயும்போது பின்கால் நீண்டு, வாள் வில் மாதிரி வளைந்து எதிராளி நெஞ்சில் நிற்குமே, அந்த ஒரு நொடி. வாளே அப்போதுதான் தெரியும். வரிசையாக நின்று எடுக்கிற படம் எல்லா விளையாட்டிலும் இருக்கிறது.

எப்பே_ராணிப்பேட்டை:
தம்பி சொல்கிற படம் அழகாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அதில் முகம் இருக்காது. இரண்டு பேரும் கம்பி வலை முகமூடிக்குள் இருப்பார்கள். சர்வதேசப் போட்டி என்றால் ஜாக்கெட்டின் முதுகில் பெயர் அச்சடித்திருக்கும், நம் ஊர்ப் பயிற்சியில் அதுவும் கிடையாது. இப்போது நமக்கு நிற்கிற நிலையைப் பார்த்தே யார் என்று தெரியும். இன்னும் பல வருஷம் கழித்து அந்தப் பெண் தன் பிள்ளைக்குக் காட்டும்போது, வெள்ளை உடுப்பில் இரண்டு பேர் என்றுதான் தெரியும்.

என் யோசனை இது. ஆட்டம் முடிந்து முகமூடியைக் கழற்றி, சல்யூட் வைத்துக் கைகொடுக்கிற படம் இருக்கிறதா பாருங்கள். வியர்வை வழிகிற முகம், கலைந்த தலை, கக்கத்தில் முகமூடி. ஃபென்சிங்கில் கையுறை போடாத கையைத்தான் நீட்டுவோம். வலதுகைக்காரர் இடது கையை நீட்டுவார், இடதுகைக்காரர் வலது கையை நீட்டுவார். அதனால் இந்த இரண்டு பேரும் கைகொடுக்கும்போது குலுக்குகிற மாதிரி வராது, பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள் கை கோத்துக்கொள்வது போலத்தான் வரும். உங்கள் தோழி எல்லோரோடும் அப்படித்தான் கைகொடுத்திருப்பார். அந்தப் படம் அவருக்கு மட்டுமே பொருந்துகிற படம்.

சேபர்_அம்மா:
நான் ஆடுகிறவள் இல்லை. காந்தி நகரிலிருந்து மகளை அழைத்துக்கொண்டு வந்து ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறவள், அவள் சேபர் ஆடுகிறாள். இருந்தாலும் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

என் மகளுக்குப் பவானி தேவியின் கையெழுத்து வாங்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. அது நியாயமான ஆசை. சென்னைப் பெண், ஆரம்பத்தில் மூங்கில் குச்சி வைத்துப் பழகியவர், இந்தியாவிலிருந்து ஒலிம்பிக் ஃபென்சிங்குக்குத் தகுதி பெற்ற முதல் ஆள். டோக்கியோவில் முதல் ஆட்டத்தை 15-3 என்று ஜெயித்ததை வீட்டில் கத்திக்கொண்டே பார்த்தோம். 2023 ஆசிய ஃபென்சிங் சாம்பியன்ஷிப்பில் உலக சாம்பியனாக இருந்த ஜப்பான் பெண்ணைக் கால் இறுதியில் தோற்கடித்து வெண்கலம் வாங்கினார். டோக்கியோவில் அவர் ஆடிய வாள் அப்புறம் ஏலத்துக்கே போனது. அந்தக் கையெழுத்துக்கு என்ன மதிப்பு என்று எனக்குத் தெரியும்.

ஆனால் கூட ஆடுகிற பிள்ளைகள் போடுகிற கையெழுத்து வேறு. முதுகுப்பக்கம் லாமே ஜாக்கெட்டின் (தொடுதலைப் பதிவு செய்கிற உலோக இழை மேலுடுப்பு) ஜிப்பைப் போட்டுவிட்டது இவர்கள், வாளை ஸ்கோர் பெட்டியோடு இணைக்கிற பாடி வயர் வேலை செய்யாதபோது தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்தது இவர்கள், தோற்ற அன்று பக்கத்தில் வந்து பேசாமல் உட்கார்ந்தது இவர்கள். அதனால் படம் எதுவாக இருந்தாலும் சரி, சின்னப் பிள்ளைகள் உட்பட எல்லோரும் கையெழுத்துப் போட இடம் இருக்க வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள். என் மகளுக்கு அந்தக் கண்ணூர் அக்கா என்றால் உயிர்.

பாலாறு_ஃபாயில்:
நன்றி அக்கா. கட்டாயம் பிள்ளைகளும் உண்டு.

ராணிப்பேட்டை சார், நீங்கள் சொன்ன மாதிரியே ஒரு படம் எங்களிடம் இருக்கிறது! நானும் அவளும் 15 தொடுதல் (பாயின்ட்) ஆட்டம் ஆடி முடித்துக் கைகொடுக்கும்போது யாரோ போனில் எடுத்தது. பின்னால் சின்னப் பிள்ளைகள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பதும், கோச் ஸ்கோர் பெட்டி பக்கம் குனிந்து நிற்பதும் தெரிகிறது. பாட்டியிடம் காட்டினேன். "இடது கையையா கொடுப்பாங்க?" என்று கேட்டார். காரணம் சொன்னதும் சரி என்று தலையாட்டிவிட்டுப் படத்தைத் திரும்பவும் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார்.

ஆனால் படத்திலே இரண்டு பேர்தானே பெரிதாகத் தெரிகிறோம், மற்றவர்கள் எங்கே கையெழுத்துப் போடுவார்கள்?

லாங்பஜார்_ஸ்டுடியோ:
தங்கச்சி, நான் படம் போட்டுக்கொடுக்கிற தொழிலில் இருப்பவன். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஒருதடவை செய்துவிட்டால் திருத்த முடியாத வேலை இது.

முதலில் காகிதம். பளபளப்பான கிளாஸி வேண்டாம், மேட் கேளுங்கள். கிளாஸியில் ஜெல் பேனா காயாது, விரல் பட்டால் இழுத்துக்கொண்டு போகும். பால்பாயின்ட் எழுதவே வராது, அழுத்தினால் படத்தின் மேல்பூச்சில் பள்ளம் விழும், அந்தப் பள்ளம் போகவே போகாது. சாதாரண மார்க்கர் அன்றைக்குப் பளிச்சென்று இருக்கும், வெளிச்சம் பட்டுப் பட்டுச் சில வருஷத்தில் வெளிறிவிடும். பிக்மென்ட் மை உள்ள மெல்லிய பேனா ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கிறது, படம் வரைகிறவர்கள் வாங்குவார்கள். தண்ணீர் பட்டாலும் கலையாது, வெளிச்சத்தையும் தாங்கும். கறுப்பு மட்டும் போதும். பிள்ளைகள் கலர் கலராகக் கேட்பார்கள், கொடுக்காதீர்கள்.

இடப் பிரச்சினைக்கு வழி இருக்கிறது. 12க்கு 18 தாளில் படத்தை 8க்கு 12 அளவில் நடுவில் வைத்துப் போடச் சொல்லுங்கள். மேலும் கீழும் 2 இஞ்ச், இரண்டு பக்கமும் 3 இஞ்ச் வெள்ளை விளிம்பு கிடைக்கும். கூட்டம் மொத்தமும் அதில் எழுதலாம், படத்தின் மேல் ஒரு புள்ளிகூட விழாது. போனில் எடுத்த படம் என்றால் ஒரிஜினல் ஃபைலைக் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அது சுருக்கிவிடும், இந்த அளவுக்குத் தாங்காது.

இன்னொன்று, பயிற்சி முடிந்த கையோடு கையெழுத்து வாங்காதீர்கள். உறைக்குள் இருந்த கை வியர்த்திருக்கும், அந்த ஈரமும் உப்பும் தாளில் பட்டால் அன்றைக்குத் தெரியாது, பிறகு பழுப்பாகத் தலைகாட்டும். பயிற்சிக்கு முன்னால் கை கழுவித் துடைத்துவிட்டு, மேசை மேல் வைத்து, கைக்கு அடியில் ஒரு வெள்ளைத் தாள் போட்டு எழுதச் சொல்லுங்கள்.

ஆம்பூர்_வாள்:
கைகொடுக்கிற படத்துக்கு நானும் சரி சொல்கிறேன். ஆனால் எதற்காக முன்பக்கம் எழுத வேண்டும்? பின்பக்கம் எழுதினால் படம் படமாக இருக்கும், எழுத்து எழுத்தாக இருக்கும். எங்கள் வீட்டில் தாத்தா காலத்துப் படங்களில் எல்லாம் பின்னால்தான் உருதுவில் எழுதியிருக்கிறது. யாருக்குப் படிக்க வேண்டுமோ அவர்கள் திருப்பிப் படிப்பார்கள்.

எப்பே_ராணிப்பேட்டை:
ஆல்பத்தில் வைக்கிற படத்துக்கு அது சரி தம்பி. இது சுவரில் மாட்டப் போகிற படம். சட்டத்துக்குள் போய்விட்டால் யார் திருப்பிப் பார்ப்பார்கள்?

செங்கம்_கல்:
எனக்கு வாள் பிடிக்கத் தெரியாது, கல்வெட்டுப் படிப்பதில் ஆர்வம் உள்ளவன். செங்கம் இப்போது திருவண்ணாமலை மாவட்டம். 1989 வரை நாமெல்லாம் ஒரே வடாற்காடு, அந்த உரிமையில் நுழைகிறேன்.

முன்பக்கமா பின்பக்கமா என்ற கேள்விக்கு நம் மண்ணிலேயே பழைய பதில் இருக்கிறது. செங்கம் வட்டாரத்து நடுகற்களைப் பார்த்திருப்பீர்கள். பல்லவர் காலத்திலிருந்தே ஏராளமாகக் கிடைக்கின்றன. வாளோ வில்லோ ஏந்திய வீரன் உருவம், அதே கல்லின் அதே முகத்தில் எழுத்து. எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, யாருடைய சேவகன், எந்த ஊர், என்ன நடந்தது, பெயர் என்ன, எல்லாம் சில வரிகளில் முடிந்துவிடும். பெரும்பாலும் மாடு பிடிக்க வந்த பூசலில் இறந்தவர்கள்தான், பெரிய தளபதிகள் இல்லை. எழுத்து இல்லாத கற்களும் இருக்கின்றன. அவற்றுக்கு இன்றைக்கும் கோழி அறுத்துக் கும்பிடுகிறார்கள், ஆனால் அவன் யார் என்று சொல்ல ஆள் இல்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது எடுத்தனூர்க் கல். மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு. கருந்தேவக்கத்தி என்ற வீரன் இறந்ததற்கு எடுத்த கல். அவன் பக்கத்தில் ஒரு நாயும் செதுக்கியிருக்கிறார்கள். அதன் பெயர் கோவிவன், இரண்டு கள்வர்களைக் கடித்துக் காத்து நின்றது என்று அதற்கும் தனியாக எழுதியிருக்கிறார்கள். கூட நின்றது நாயாக இருந்தாலும் அதன் பெயரை விட்டுவிடவில்லை பாருங்கள்! 1,400 வருஷம் ஆகிறது, இன்றைக்கும் கோவிவனின் பெயர் நமக்குத் தெரிகிறது.

அதனால் வெறும் கையெழுத்தோடு நிறுத்தாதீர்கள். கையெழுத்து மட்டும் என்றால் கிறுக்கல்தான், அடுத்த தலைமுறைக்குப் படிக்கவே வராது. படத்துக்குக் கீழே தேதி, ஊர், என்ன ஆட்டம், ஸ்கோர், இருவர் பெயரும் தெளிவான எழுத்தில் வர வேண்டும். பின்னால் சுவரில் சாய்ந்திருக்கிற பிள்ளைகள் பெயரும் சேர்த்துத்தான்.

பாலாறு_ஃபாயில்:
கோவிவன் கதை எனக்குத் தெரியாது. படித்ததும் எங்கள் கூட்டத்தில் வாள் ரிப்பேர் பார்க்கிற அண்ணன் நினைவு வந்தது. அவர் ஆடுவதில்லை. ஃபாயில் முனைக்குள் இருக்கிற ஸ்பிரிங் 500 கிராம் எடையைத் தள்ளி எழும்ப வேண்டும், இல்லையென்றால் போட்டியில் அந்த வாளை ஒதுக்கிவிடுவார்கள். அந்தக் குட்டி ஸ்க்ரூக்களைக் கழற்றி, சுத்தம் செய்து, எடை வைத்துப் பார்த்து, மறுபடி மாட்டித் தருவது அவர்தான். இடதுகைப் பிடி வைத்த ஒரே வாளையும் அவர்தான் கடைசிவரை ஓட வைத்தார். அவர் கையெழுத்துக் கட்டாயம் இருக்கும்.

ஸ்கோரும் எழுதலாம் என்கிறீர்கள். அந்த ஆட்டத்தில் அவள் ஜெயித்தாள், 15-13. எனக்கு எழுதச் சந்தோஷம்தான். ஆனால் பிரிவுப் பரிசில் வெற்றி தோல்வி எழுதுவது சரியாக இருக்குமா?

எப்பே_ராணிப்பேட்டை:
எழுதுங்கள் அம்மா. ஸ்கோரை மறைத்தால் அந்தப் படத்தில் நடந்ததே போய்விடும்.

கைகொடுப்பதை நம் விளையாட்டு எவ்வளவு பெரிதாக வைத்திருக்கிறது என்பதற்கு ஒரு செய்தி சொல்கிறேன். 2023 மிலான் உலகப் போட்டியில் உக்ரைனின் ஓல்கா கார்லான், ரஷ்ய வீராங்கனையை ஜெயித்துவிட்டுக் கைகொடுக்க மறுத்தார், வாளை மட்டும் நீட்டினார். அதற்காகக் கறுப்பு அட்டை காட்டி அவரைப் போட்டியை விட்டே வெளியேற்றினார்கள். தன் நாட்டில் போர் நடக்கும்போது அவர் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்பது நமக்குப் புரிகிறது. பிறகு ஒலிம்பிக் சங்கமே அவருக்குப் பாரிஸில் இடம் கொடுத்தது, அங்கே தனிநபர் வெண்கலமும் அணித் தங்கமும் வாங்கினார். அந்த ஒரு கைகொடுப்பைப் பற்றி உலகமே பேசியது. நம் பிள்ளைகள் தினமும் சாயங்காலம் யாரும் சொல்லாமல் அதைச் செய்கிறார்கள், உள்ளே ஒன்றும் வைத்துக்கொள்ளாமல்.

நான் எப்பே ஆடி, பின்பு நடுவராக நின்றவன். போட்டியில் விளக்கு எரியும், பெட்டி சொல்லும், நடுவர் சொல்வார். பயிற்சியில் வயர் மாட்டாமல் ஆடும்போது என்ன நடக்கும்? பட்டவர் "பட்டுது" என்று தானே சொல்ல வேண்டும். அடித்தவர் கேட்கவே கூடாது. கிளப் நட்பு உருவாகிற இடம் அதுதான் என்று நான் நினைக்கிறேன். எதிரே நிற்கிறவரின் வார்த்தையை நம்பி வருஷக்கணக்கில் ஆடுகிறோம். அவர் இல்லாவிட்டால் எனக்கு விளையாட்டே இல்லை, தனியாகச் சுவரில் குத்திக்கொண்டிருக்கலாம், அவ்வளவுதான்.

இதை வைத்து ஒன்று கேட்கிறேன். கையெழுத்து ஒரு பக்கம் மட்டும் ஏன்? நட்சத்திரம் ரசிகருக்குப் போட்டுக் கொடுப்பது ஒருபக்கக் கையெழுத்து. கூட ஆடுகிறவர்களுக்குள் அது இரண்டு பக்கமும் போக வேண்டும். இரண்டு பிரதி எடுங்கள். இரண்டிலும் எல்லோரும் போடுங்கள், அந்தப் பெண்ணும் போடட்டும். ஒன்று கண்ணூர் போகட்டும், ஒன்று நீங்கள் பயிற்சி செய்கிற இடத்தில் மாட்டுங்கள். போகிறவருக்கு மட்டும் நினைவு வேண்டும் என்று யார் சொன்னது? இருக்கிறவர்களுக்குத்தான் அந்த இடம் காலியாகத் தெரியப் போகிறது.

எழுதும்போது "வாழ்த்துகள்", "மறக்க மாட்டோம்" என்று எழுதாமல், அவரவர் அந்தப் பெண்ணிடமிருந்து கற்றது ஒன்றை, அல்லது அவரிடம் வாங்கிய ஒரு தொடுதலை எழுதச் சொல்லுங்கள். ஒரு வரி போதும்.

ஆம்பூர்_வாள்:
சார், பின்பக்கம் என்று சொன்னதை விட்டுவிடுகிறேன், முன்பக்கமே இருக்கட்டும். இரண்டு பிரதி என்பது ரொம்பச் சரி.

ஒரு வேண்டுகோள், அவரவர் மொழியில் எழுதட்டும். அந்த அக்கா மலையாளத்தில் எழுதட்டும். எனக்கு அழைப்பு உண்டென்றால் நானும் வந்து உருதுவில் எழுதுகிறேன். நான் உங்கள் கிளப் இல்லை, ஆனால் மாவட்டப் போட்டியில் பார்த்ததிலிருந்து அந்த அக்காவோடு ஐந்து தொடுதல் ஆட்டம் ஒன்று ஆடக் கிடைக்காதா என்று ஏங்கியவன். பயிற்சிக்கு வந்த ஒருநாள் என்னோடு ஆடினார். என் கையுறை உள்ளங்கையில் கிழிந்திருந்ததைப் பார்த்து, அதோடு ஆடக் கூடாது என்று தன்னிடம் இருந்த வலதுகை உறை ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்தார். இடதுகைக்காரர் எதற்கு வலதுகை உறை வைத்திருந்தார் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். யாருக்காவது வேண்டியிருக்கும் என்றுதான் வைத்திருக்க வேண்டும்.

பாலாறு_ஃபாயில்:
தம்பி, கட்டாயம் வா. அந்த உறையை அவள் பையில் நானும் பார்த்திருக்கிறேன், கேட்டதில்லை.

சேபர்_அம்மா:
படித்துக் கண் கலங்கிவிட்டது. என் மகள் என்ன எழுதுவது என்று இப்போதே நோட்டில் எழுதிப் பார்க்கிறாள். "அக்கா எனக்கு முகமூடி பெல்ட்டை இறுக்கக் கட்டக் கற்றுக்கொடுத்தாங்க" என்று எழுதியிருக்கிறாள். போதுமா சார்?

எப்பே_ராணிப்பேட்டை:
அதைவிட என்ன வேண்டும் அம்மா? அப்படியே எழுதட்டும். எழுத்துப்பிழை இருந்தாலும் திருத்தாதீர்கள்.

லாங்பஜார்_ஸ்டுடியோ:
சட்டம் போடுவது பற்றி யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். படத்தின் மேல் கண்ணாடியை நேராக வைத்து அழுத்திச் சட்டம் போடுவார்கள். நம் ஊர் ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பிரிக்கப் போனால் கையெழுத்து கண்ணாடியில் வரும், படம் தனியாக வரும். அப்படி ஒரு கல்யாணப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழுத குடும்பத்தைப் பார்த்திருக்கிறேன், எங்கோ ஒரு சட்டக் கடையில் போட்டது. படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே மவுன்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள், ஒரு விரல்நகக் கனம் இடைவெளி இருந்தால் போதும். உங்கள் வெள்ளை விளிம்பு மறையாத மாதிரி அட்டையை வெளிவிளிம்பில் மட்டும் வெட்ட வேண்டும், இதைக் கடையில் நின்று சொல்லுங்கள். பின்னால் நியூஸ்பேப்பர் வைத்து அடைக்க விடாதீர்கள், அது மஞ்சளித்துப் படத்தையும் மஞ்சளாக்கும். லேமினேஷன் வேண்டவே வேண்டாம்.

மாட்டுகிற இடமும் முக்கியம். வேலூர் வெயில் எல்லோருக்கும் தெரியும், சித்திரை வைகாசியில் 40 டிகிரி தாண்டும். மேற்கு வெயில் அடிக்கிற சுவர் ஆகாது. ஜன்னலுக்கு எதிரேயும் வேண்டாம், டியூப்லைட்டுக்கு நேர் கீழேயும் வேண்டாம். எழுதி முடித்ததும் 600 டிபிஐ-யில் ஒருதடவை ஸ்கேன் செய்து வைத்துவிடுங்கள்.

செங்கம்_கல்:
ஸ்கேன் செய்யும்போது யார் எழுதியது எது என்று ஒரு பட்டியலும் சேர்த்து வையுங்கள். உருது, மலையாளம், தமிழ் மூன்றும் கலந்து வரப் போகிறது.

பாலாறு_ஃபாயில்:
எல்லோருக்கும் நன்றி. கோச்சிடமும் மற்றவர்களிடமும் பேசி முடிவு செய்துவிட்டோம். கைகொடுக்கிற படம், மேட் தாள், இரண்டு பிரதி. படத்துக்குக் கீழே கோச்சே தன் கையால் தேதியும் "வேலூர், பெண்கள் ஃபாயில், 15-13" என்றும் இருவர் பெயரும் எழுதுவார், அவர் எழுத்து அச்சு மாதிரி இருக்கும். இடப்பக்க விளிம்பு முழுக்க அவளுக்கு. இடதுகையால் எழுதும்போது கை முதலில் எழுதினதைத் தேய்த்துக்கொண்டு போகும் என்பதால் அவள் கடைசியில், மற்றவர்களுடையது காய்ந்த பிறகு எழுதுவாள்.

நான் எழுதப் போகிற வரியையும் சொல்லிவிடுகிறேன்: "13-13இல் என் முனை உன் மேல் பட்டது, விளக்கு எரியவில்லை. நீதான் கை தூக்கி, வாளைச் சோதிக்கச் சொன்னாய்." அப்படித்தான் நடந்தது. முனை உள்ளே இறங்காமல் சிக்கிக்கொண்டிருந்தது. விதிப்படி அந்தத் தொடுதல் எனக்குக் கிடைக்கவில்லை, மாற்று வாள் எடுத்து ஆடினேன், அடுத்த இரண்டையும் அவள் எடுத்தாள். அவள் பேசாமல் இருந்திருந்தால் நான் செத்த வாளோடு ஆடிக்கொண்டே இருந்திருப்பேன்.

ஸ்டுடியோ அண்ணா, உங்களிடமே போடலாமா? எப்போது ஃபைல் கொடுக்க வேண்டும்?

லாங்பஜார்_ஸ்டுடியோ:
தாராளமாக. வியாழக்கிழமைக்குள் பென் டிரைவில் கொண்டுவந்து கொடுங்கள், வெள்ளியன்று மூன்று பிரதியாகப் போட்டுத் தருகிறேன். மூன்றாவது எழுதிப் பார்க்க. பேனா எப்படி ஓடுகிறது என்று பிள்ளைகள் முதலில் அதில் எழுதிப் பழகட்டும், அதற்குக் காசு வேண்டாம். எழுதின பிறகு ஒரு ராத்திரி மின்விசிறிக் காற்று நேராகப் படாத இடத்தில் திறந்தபடி காய வையுங்கள். காய்ந்ததும் சட்டத்துக்குக் கொண்டுவாருங்கள், மவுன்ட் அட்டையை நானே பக்கத்தில் நின்று வெட்டி வாங்கித் தருகிறேன்.